ஹெப்சிபா டீச்சரின் இரண்டாம் சாட்சி

ஹெப்சிபா டீச்சருக்கு வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது. அது இல்லை என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார்.

சொன்ன இடம் நேசபுரம் சபையின் கன்வென்ஷன் பந்தல். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய வாரம் அது. வெளியூர்ப் பிரசங்கியார் மேடையில் நின்று, வியாதியோடு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். டீச்சர் தூக்கினார். பிரசங்கியார் இறங்கி வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். "போயிற்று. விசுவாசித்தால் வாயைத் திறந்து அறிக்கை பண்ணுங்கள்" என்று மைக்கை நீட்டினார்.

ஆயுசு முழுக்க வகுப்பெடுத்தவர் முன்னால் மைக்கை நீட்டினால் சும்மா இருப்பாரா? பேசினார். நன்றாகவே பேசினார். கட்டி கரைந்துவிட்டது, கர்த்தர் எனக்கு ஜெயம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் மேபல்கூடத் தட்டினாள். டீச்சர் சொல்லி மேபல் ஒப்புக்கொண்டது சபைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் குளிக்கும்போது கை பட்டது. கட்டி அதே இடத்தில் இருந்தது.

விசுவாசத்துக்குச் சோதனை என்று டீச்சர் எண்ணிக்கொண்டார். மழைக்காலம் வந்து போனது. பனி விழத் தொடங்கியது. கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

"ஒருக்கா காட்டிட்டு வந்துருவமா?" என்றார் கணவர் பொன்னுத்துரை.

"எங்க போயிக் காட்ட? அந்த ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கது மேபல் மக. நாம வீட்டுக்கு வாரதுக்குள்ள சேதி ஊருக்கு வந்துரும்."

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசிப் பழக்கமில்லை.

வலி வந்தபிறகுதான் டீச்சர் மலையடிவாரத்து ஜெப ஆசிரமத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே சிஸ்டர் யூனிஸ் இருந்தார். டீச்சரைவிட ரொம்பச் சின்னவர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர் முன்னால் கைகட்டி நின்று வசனம் ஒப்பித்த பெண். வருஷாவருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அதே பெண்ணிடம் வந்து உட்கார்ந்து, எப்படி ஜெபிப்பது என்று டீச்சர் கற்றுக்கொண்டிருந்தார். இது எப்படி என்று கேட்டவர்களிடம், "எனக்குத் தெரிஞ்சத நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவளுக்குத் தெரிஞ்சத அவ எனக்குச் சொல்லிக் குடுக்கா. ஒனக்கு எங்க வலிக்கு?" என்பார். கேட்டவர்கள் மறுபடி கேட்டதில்லை.

மற்றவர்கள் முன்னால் அவர் சிஸ்டர். தனியாக இருந்தால் எட்டி யூனிஸ்.

யூனிஸ் முழுவதையும் கேட்டார். டீச்சரின் கையைப் பிடிக்கவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. முறத்தில் உளுந்து வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு" என்றார் டீச்சர். "சுகமாயிட்டுன்னு நான் சொல்லியாச்சு. இப்பப் போயி ஆபரேஷன் பண்ணுனா கர்த்தர் பேரு என்ன ஆகும்? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா அவரைப் பாத்து?"

யூனிஸ் முறத்தைக் கீழே வைத்தார்.

"முற்றத்துல புதுச் சிலுவை வச்சிருக்கோம், பாத்தீங்களா?"

"வரும்போது பாத்தேன். அதுக்கென்ன?"

"போயி அது பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க டீச்சர். நான் வாரேன்."

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நில்லு, உட்காரு என்பது இந்தப் பெண்ணின் வழக்கம். ஆனாலும் போனார்.

மரச்சிலுவை. இரண்டு ஆள் உயரம். அடிப்பீடத்தில் சிமெண்ட் ஈரம் காயாமல் இருந்தது. பக்கத்தில் கொத்தனாரின் கரண்டி சட்டியில் கிடந்தது. மலையிலிருந்து காற்று வேறு வீசிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், ஒருமுறை ஈரச் சிமெண்ட்டைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. கொத்தன் சாப்பிடப் போயிருக்கிறான். விழாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் அனுப்பியிருக்கிறாள். வாயைத் திறந்து சொன்னால் என்ன?

இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வலது கை கடுக்க ஆரம்பித்தது. அக்குளில் தொடங்கி விரல்வரை இழுத்தது. இடது கையை மாற்றிப் போட்டு, நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்தார். காற்று பலமாக அடித்தபோது இன்னும் நெருங்கிக் கட்டிக்கொண்டார். வலியில் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

சமையல் பார்க்கும் ஞானக்கனி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிலுவையைக் கட்டிக்கொண்டு, நெற்றி பதித்து, கண்ணீர் வழிய நிற்கிற டீச்சரைப் பார்த்தாள். குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். முக்காடு போட்டு முழங்கால் படியிட்டாள். அடுத்து துணி காயப்போட வந்த இரண்டு பெண்கள். அப்புறம் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

"டீச்சருக்கு என்ன பக்தி பாருங்க" என்று யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"நாமெல்லாம் அஞ்சு நிமிசம் முட்டிக்கால் போட்டா கால் மரத்துப் போவுதுன்னு எந்திக்கோம்."

"கண்ணீர் பாத்தியாட்டி? பிழிஞ்சு ஊத்துது."

இப்போது விடுவது எப்படி? கையை எடுத்தால் சிலுவை விழும். விழாவிட்டாலும், இத்தனை பேர் முன்னால், சும்மா பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்று எப்படிச் சொல்வது? டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அது இன்னும் பெரிய பக்தியாகத் தெரிந்தது. ஒருத்தி மெல்லப் பாட்டே ஆரம்பித்துவிட்டாள்.

யூனிஸ் வந்தபோது முற்றத்தில் ஒரு சிறிய ஆராதனை நடந்துகொண்டிருந்தது.

அவர் டீச்சர் அருகில் போய்ச் சின்னக் குரலில் கேட்டார். "என்ன செய்யுதீங்க டீச்சர்?"

"தெரியலையா?" டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பிடிச்சுக்கிட்டு நிக்கேன். ஒன் கொத்தன் எங்க போனான்? கை செத்துப் போச்சு."

"பிடிக்கவா சொன்னேன்? பக்கத்துல நிக்கத்தான சொன்னேன்."

"சிமெண்ட்டு காயலையே."

"அது மேல்பூச்சு. இன்னைக்குப் பூசுனது. மரம் மழைக்கு முன்னாலயே நட்டாச்சு. ஒரு ஆள் ஆழம் மண்ணுக்குள்ள இருக்கு."

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை ஒவ்வொரு விரலாக எடுத்தார். சிலுவை நின்றது. காற்று அடித்தது. அப்போதும் நின்றது.

பின்னால் பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானக்கனி கண்களைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், உங்களுக்கு என்ன வெளிப்பாடு கிடைச்சுன்னு எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள்.

டீச்சர் யூனிஸைப் பார்த்தார். யூனிஸ் உதவவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வெளிப்பாடும் இல்ல" என்றார் டீச்சர். முகம் சிவந்துவிட்டது. "விழுந்துரும்னு பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை வலிச்சுது, அதான் அழுதேன். போயி வேலையப் பாருங்க எல்லாரும்."

ஞானக்கனி களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள். "அத மொதல்லயே சொன்னா நாங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சிருப்போமே" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே குடத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகிறபோது ஞானக்கனி திரும்பி வந்து, "தைலம் இருக்கு, கைக்குத் தேச்சு விடவா?" என்று கேட்டாள்.

அவர்கள் போனபின் டீச்சர் பீடத்தின் காய்ந்த ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"எட்டி யூனிஸ், எனக்குப் புரியாமலில்ல. இந்த மாதிரிக் கதை நான் நூறு சொல்லிக் குடுத்திருக்கேன். அவர் பேரை நான் தாங்கிப் பிடிக்க வேண்டாம். சரி. அது எனக்குத் தெரியும். மேபலுக்குத் தெரியுமா?"

யூனிஸ் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், தனியா இருக்கும்போது ஜெபத்துல இந்தக் கட்டியப் பத்தி அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே, போயிட்டுன்னுதான்."

"அவர்கிட்டயுமா?"

"பின்ன? இல்லன்னா அவருக்குத் தெரிஞ்சிரும்லா."

சொன்னபிறகுதான் தன் காதில் அது விழுந்தது. டீச்சர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முன்றானையைக் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"பயமாயிருக்குட்டி" என்றார்.

"என்கிட்டச் சொல்லாதீங்க."

"பின்ன யார்ட்ட?"

யூனிஸ் எழுந்து உளுந்து முறத்தைத் தேடிப் போய்விட்டார்.

டீச்சர் சிலுவையின் அடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முழங்கால் படியிடவில்லை, முக்காடு போடவில்லை. ஆண்டவரே, கட்டி போகல என்றார். பெருசாயிருக்கு. எனக்குப் பயமாயிருக்கு. மாரை எடுத்துருவாங்களோன்னு பயமாயிருக்கு, செத்துருவேனோன்னு பயமாயிருக்கு. நீங்க என்னைப் பாக்கலையோன்னு அதைவிடப் பயமாயிருக்கு. இவ்வளவுதான். கன்வென்ஷனுக்குப் பிறகு டீச்சர் சொன்ன உண்மையான ஜெபம் அது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் பசித்தது. உள்ளே போய் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பிய அன்றே பொன்னுத்துரையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் திட்டினார். டீச்சர் திருப்பிப் பேசாமல் கேட்டுக்கொண்டதைப் பார்த்துப் பொன்னுத்துரைக்கே பயமாகிவிட்டது. படம் எடுத்தார்கள், சோதித்தார்கள். ஆபரேஷன் இப்போதும் செய்யலாம், அதற்குமேல் எதுவும் இப்போது சொல்ல முடியாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை குறித்தார்கள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். சாட்சி நேரத்தில் டீச்சர் எழுந்தார். பாய்களில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டீச்சர் சாட்சி என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆசிரமத்திலிருந்து வந்திருந்த சிஸ்டர் யூனிஸ் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"கன்வென்ஷன்ல நான் ஒரு சாட்சி சொன்னேன்" என்றார் டீச்சர். "கட்டி போயிட்டுன்னு சொன்னேன். போகல. மறுநாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தன நாளா சும்மா இருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஜெபம் பண்ணிக்கிடுங்க."



மேபல்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப ஒங்க விசுவாசம் கொறைவுன்னு சொல்லுதீங்களா டீச்சர்?"

"கொறைவுதான் மேபல். அவருக்குப் பயந்ததைவிட நான் ஒனக்குத்தான் அதிகமாப் பயந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேபல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அப்போது சுவரோரத்தில் ராஜகிருபை எழுந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்.

"என்னம்மா?" என்றார் டீச்சர்.

"எனக்கு வலிப்பு உண்டு டீச்சர். சின்னதுலயிருந்து மாத்திர சாப்பிடுதேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒங்க சாட்சியக் கேட்டுட்டு நானும் சுகமாயிட்டுன்னு விசுவாசிச்சு நிறுத்திட்டேன். இப்ப மறுபடி வருது. மாமியார் வீட்டுல யாருக்கும் தெரியாது. போன வாரம் அடுப்படியில வச்சு வந்துட்டு." முழங்கையை முன்றானையால் மூடியிருந்தாள். அதை விலக்கிக் காட்டினாள். தோல் வெந்து உரிந்து சிவந்திருந்தது.

டீச்சர் பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பந்தல் எழுந்து நின்று கைதட்டிய அந்த இரவில் இந்தப் பிள்ளையும் எங்கோ ஒரு மூலையில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சாட்சியைச் சொன்னவர் எழுந்து போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். கேட்டவள் வீட்டுக்குப் போய் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

பாய்களைத் தாண்டிப் போனார். ராஜகிருபையின் கையை, புண்ணில் படாமல், மணிக்கட்டருகே பிடித்தார்.

"இப்பவே வா. ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒங்க மாமியார்ட்ட நான் பேசுதேன். ஏச்சு விழுந்தா எனக்கு விழட்டும், அது எனக்கு வரவேண்டியதுதான்."

இருவரும் வாசலுக்கு வந்தபோது பின்னால் காலடிச் சத்தம். மேபல். செருப்பைச் சரியாகக்கூட மாட்டவில்லை.

"எம் மக இன்னைக்குப் பகல் டியூட்டிதான்" என்றாள் யாரையும் பார்க்காமல். "போன் போட்டுச் சொல்லுதேன். வரிசையில நிக்க வேண்டாம்." சற்று நிறுத்தி, "டீச்சர், செவ்வாய்க்கிழமையும் அவ அங்க இருப்பா" என்றாள்.

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். அவருக்கு அது புதிது.

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் பச்சை உடுப்பும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். தாலியைக் கழற்றிப் பொன்னுத்துரையிடம் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பையை மேலே கையால் பொத்திக்கொண்டு, வராந்தாவில் போய் நின்றார். கட்டில் பக்கத்தில் யூனிஸ் இருந்தார்.

"எட்டி யூனிஸ்."

"சொல்லுங்க டீச்சர்."

"சுகமாயிட்டுன்னா சபையில எந்திச்சுச் சொல்லுவேன். டாக்டர் பேரையும் சேத்துச் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"சுகமாகலன்னா?"

"அதையும் வந்து சொல்லுங்க."

"அதுல என்னட்டி சாட்சி இருக்கு?"

"அவர் கூட இருந்தாரா இல்லையான்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தள்ளுவண்டி வந்தது. தூக்கி மாற்றினார்கள். மேபலின் மகள் போர்வையை இழுத்துவிட்டு வண்டியின் தலைமாட்டுக்குப் போனாள். வண்டி நகர்ந்தது. யூனிஸ் கூடவே நடந்தார்.

"யூனிஸ்."

"ஆமா டீச்சர்."

"நான் வந்து சொல்ல முடியாமப் போயிட்டா?"

"நான் சொல்லுதேன்."

"என்னன்னு?"

"எங்க டீச்சரை அவர் கைவிடலன்னு."

வண்டி தியேட்டர் வாசலுக்கு வந்துவிட்டது. டீச்சர் தலையை உயர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்குச் சத்தமே வராதேட்டி. பின்வரிசைக்கு எப்படிக் கேக்கும்?"

"அன்னைக்குக் கேக்கும், டீச்சர்."